ஒரு வாய்த் தண்ணீர்

கொன்றையூர் அரசர் கடம்பராயருக்கு நாக்கில் வெடிப்பு. வற்றிய குளத்து வண்டல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். ரசம் பட்டாலும் எரிச்சல், மோர் பட்டாலும் எரிச்சல். அரசருக்கு எரிந்தால் ஊரில் யாராவது அழ வேண்டும். அதுதான் அந்த அரண்மனை வழக்கம்.

வைத்தியர் பூவேந்தர் வந்து பார்த்தார். மருந்து தெரியவில்லை. ஆள் தெரிந்துவிட்டது.

"சுண்ணாம்பு கூடிப்போச்சு, பிரபு. வெற்றிலை மடிக்கிறவள் வேலை."

வெற்றிலை மடிக்கும் அஞ்சலை பதறினாள். "மகாராணிக்கும் இதே சுண்ணாம்புதான் சாமி! அவங்க நாக்கு பூ மாதிரி இருக்கே!"

"எதிர்த்தா பேசுகிறாய்?" என்று சீறினார் அரசர். " நாலாம் நாள் இவள் நாட்டிலேயே இருக்கக் கூடாது!"

கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்களோடு அவள் எங்கே போவாள்? அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சபையில் நன்னையன் என்று ஒருவன். விடிந்ததிலிருந்து அரசரையே பார்த்துக்கொண்டிருந்தான். யானைப்பாகனைத் திட்டினார். அர்ச்சகருக்கு மந்திரம் திருத்தினார். பாடகரை நிறுத்தி, தானே பாடிக் காட்டினார். பக்கத்தில் வைத்த செம்புத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

"பிரபு, குற்றவாளியை மூன்று நாளில் காட்டுகிறேன். அதுவரை வெற்றிலையை அஞ்சலையே மடிக்கட்டும். தாங்கள் சாப்பிடும், வெற்றிலை போடும், தூங்கும் நேரம் தவிர வாயில் ஒரு வாய்த் தண்ணீர் வைத்திருங்கள். விழுங்கிவிட்டால் அடுத்த வாய். நடுவில் பேசினால் குற்றவாளி தப்பிவிடும்."

அரசர் கன்னம் உப்ப உட்கார்ந்தார். மூன்று நாள்! வழக்குகள் மத்தியானத்துக்குள் முடிந்தன. பாகன் சூடாகச் சோறு சாப்பிட்டான். பாடகர் ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு பாட்டை முழுசாகப் பாடினார். அரசர் கையை ஆட்டி என்னென்னவோ உத்தரவு போட்டார். யாருக்கும் புரியவில்லையாம்.

நாலாம் நாள் கோடுகள் இருந்தன. எரிச்சல் இல்லை.

"எங்கேடா குற்றவாளி?"

"மூன்று நாளும் சிறையில் இருந்தது, பிரபு. இப்போதுதான் தாங்களே திறந்து விட்டீர்கள்."

அரசர் அஞ்சலையைப் பார்த்தார், வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அஞ்சலை இங்கேயே இருக்கட்டும். வைத்தியருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுங்கள்! நன்னையா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

நன்னையன் திரும்பிப் பார்த்தான். பாகனும் பாடகரும் அர்ச்சகரும் அவனையே பார்த்துக் கைகூப்பி நின்றார்கள்.

"இன்னும் மூன்று நாள், பிரபு."