முதலைக்கு வாய்க்கட்டு

கொள்ளிடக் கரை ஊர்களில் குளத்துக்குள் முதலை புகுந்துவிட்டால் அம்பலவாணனைத்தான் கூப்பிடுவார்கள். வனத்துறைக்காரர்களே அவர் வந்த பிறகுதான் கயிற்றை எடுப்பார்கள். அவரிடம் தொழில் கற்க வந்தவர் கலியபெருமாள். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தைந்து. குரு சீடரை "அண்ணே" என்பார், சீடர் குருவை "வாத்தியாரே" என்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

கலியபெருமாளுக்குச் சொந்த அண்ணன் ஒருவர் உண்டு, சிங்காரவேல். அம்மா செத்த அன்று, அத்தனை பேர் முன்னாலும், "சாவுக்குத்தான் வந்தியா?" என்று தம்பியைக் கேட்டுவிட்டார். கேட்டது அந்த ஒன்றுதான். அன்றைக்கு மூடிய வாயைத் தம்பி பதினோரு வருஷமாக அண்ணனிடம் திறக்கவில்லை. அண்ணன் இரண்டு தடவை வீடு தேடி வந்து நின்றார். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி என்ன வீம்போ அந்தப் பாவி மனுஷனுக்கு!

ஒருநாள் காலை, கோயில் குளத்தில் எட்டடி முதலை. சுருக்குப் போட்டு இழுத்து, கண்ணை ஈரச் சாக்கால் மூடி, வாயைச் சேர்த்துக் கட்டினார்கள். கட்டியது பழைய சைக்கிள் டியூப்.

"யோவ், இது தாங்குமாய்யா?" என்று கூட்டத்தில் ஒருவர் பதறினார்.

இதற்குப் பதில் சொல்வதில் கலியபெருமாளுக்கு எப்போதும் ஒரு பெருமை.

"கடிச்சா மாட்டு எலும்பே நொறுங்கிப் போவும். மூடத்தான் அதுக்குப் பலம். தொறக்கப் பலம் கிடையாது."

முதலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போகும்போது அவர் முகம் நேற்றுப் போலவே சரியாக இல்லை.

"என்னண்ணே?"

"அண்ணி போன் பண்ணுனாங்க வாத்தியாரே. அண்ணனுக்கு வாயில புத்துநோய். நாளைக்கு ஆபரேஷன். கீழ்த்தாடைய எடுக்கப் போறாங்களாம். அப்புறம் பேச்சு வராதாம். அதுக்குள்ள ஒரு தடவ வந்து பேசிட்டுப் போவச் சொல்லுன்னு அழுவுறாராம்."

"எப்ப வந்துச்சு போன்?"

"நேத்து காலையில."

"நேத்தா!"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். திரும்பி வந்துட்டேன். அவருகிட்ட மட்டும் வாயத் தொறக்க முடியல. ஏன் வாத்தியாரே எனக்கு மட்டும் இப்படி?"



ஆற்று மணலில் முதலையை இறக்கினார்கள். டியூபை உருவுவது எப்போதும் சீடர் வேலை. அவர் குனிந்தார்.

"வேணாம்ணே. கட்டோடயே போவட்டும்."

"ஐயையோ! இரை எடுக்க முடியாம செத்துப் போவும் வாத்தியாரே!"

"எத்தன நாள் தாங்கும்?"

"மிஞ்சிப் போனா சில மாசம்."

"நீங்க பதினோரு வருஷம் தாங்கிட்டீங்களே."

 கலியபெருமாள் டியூபை உருவினார்.  முதலை தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. அவர் மணலிலேயே உட்கார்ந்து அண்ணிக்குப் போன் போட்டார்.

நாளைக்கு என்று சொன்ன ஆபரேஷனை டாக்டர்கள் இன்றைக்கே வைத்துக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கே அண்ணனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

"கதவு வரைக்கும் ஒங்களத்தான் தம்பி கேட்டுக்கிட்டே போனாரு. கலியன் வந்துட்டானா, கலியன் வந்துட்டானான்னு. நேத்தே வந்திருக்கக் கூடாதா?"

கலியபெருமாள் வாய்விட்டு அழுதார். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து உங்க மொகத்தப் பாத்தப்பவே நானும் கேட்டிருக்கணும்ணே. கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அழுகை கொஞ்சம் அடங்கியதும் கலியபெருமாள் கேட்டார்.

"இனிமே போயி என்ன வாத்தியாரே பண்றது? அவரால ஒரு வார்த்த பேச முடியாதே!"

வாத்தியார் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தாடை போனது அவருக்குத்தாண்ணே. உங்களுக்கு இருக்குல்ல?"