இல்லை என்று சொல்லாத தலைவரம்மா

விளக்கம்மாவிடம் விளக்கம் கேட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. கேட்டால் ஒரு வேலை கொடுப்பார். வேலை முடிகிற நேரத்தில் கேட்டவருக்கே ஏதோ புரிந்திருக்கும். புரியாவிட்டால் இன்னொரு வேலை கொடுப்பார்.

மருதங்கோட்டை மேட்டுத்தெரு முனையில் இருந்தது அவருடைய மடம். மடம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விளக்கு, அந்த விளக்குக்கு ஓர் அறை, பக்கத்தில் ஒரு சமையலறை, ஒரு தகரக் கொட்டகை. திங்கட்கிழமைதோறும் வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கொட்டகையில் சாப்பாடு. விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டதால் விளக்கம்மா என்றே பெயர் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவரிடம் ஆவுடைச்செல்வி சிஷ்யையாகச் சேர்ந்தது ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. ஆவுடை பேரூராட்சித் தலைவர். பேரப்பிள்ளை எடுத்தவர். விளக்கம்மாவைவிட எவ்வளவோ மூத்தவர். சிஷ்யை குருவை "அம்மா" என்பார். குரு சிஷ்யையை "அக்கா" என்பார்.

"இதுல யாரு யாருக்குப் பாடம் சொல்லுதாங்கன்னே தெரியலையே" என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

ஆவுடைக்கு ஒரு குணம் உண்டு. அவர் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. அவருடைய அம்மா வளர்த்த வளர்ப்பு அது. கடன் கேட்டு வந்தவரைக்கூட, "நாளைக்கு வாங்களேன், சாப்பிட்டுப் போங்களேன்" என்றுதான் அனுப்புவார். 'இல்லை என்று சொல்லாத தலைவரம்மா' என்று சுவரில் எழுதித்தான் அவருக்கு ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்துவிட்டார்.

ஜெயித்த பிறகும் அப்படியேதான் இருந்தார். ஊருக்குப் பாதாளச் சாக்கடை வந்த நேரம் அது. லாட்ஜ்காரர் இணைப்புக் கேட்டு வந்தார். "சரி" என்றார். பேக்கரிக்காரர் வந்தார். "சரி." கல்யாண மண்டபத்துக்காரர் பூமாலையோடு வந்தார். "அதுக்கென்ன, சரி."

என்ஜினீயர் தம்பி மட்டும் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "மேடம், பள்ளத்தெருவுல இருக்கிற மோட்டார் இவ்வளவு தண்ணியை இழுக்காது. கொஞ்ச நாள் புது இணைப்பை நிறுத்தி வைக்கலாம்."

"தண்ணிதானே தம்பி, பள்ளத்தைப் பாத்துப் போயிரும்" என்றார் ஆவுடை.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவர் மடத்துக்கு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நாளைக்குக் கூட்டத்துல நம்ம மடத்து விஷயம் வருது. தகரத்தைப் பிரிச்சிட்டு அன்னதானக் கூடம் கட்டிரலாம். பெரிய இணைப்பாவே தந்துருதோம். அத்தனை பேரும் கை தூக்கிருவாங்க."

விளக்கம்மாவின் முகமும் மலர்ந்தது. மழை நாளில் தகர ஓட்டை வழியாக இலையில் தண்ணீர் சொட்டும். சாப்பிடுகிறவர்கள் இலையை அங்கேயும் இங்கேயும் நகர்த்துவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவர் ஆசைப்பட்ட கூடம் அது.

"குழாய் தாங்குமா அக்கா?"

"எல்லாருக்கும் கொடுத்துட்டு மடத்துக்கு மட்டும் மாட்டேன்னா நல்லாவா இருக்கும்? கேக்கிறவங்க மனசு நோகாமக் கொடுக்கிறது புண்ணியந்தானே? அந்த என்ஜினீயர் தம்பி பேசுறதைக் கேட்டா எனக்கே குழப்பமா இருக்கு. நீங்க ஒரு விளக்கம் சொல்லுங்க."

விளக்கம்மா மத்தியானப் பாயசத்தைச் சுடவைத்து ஒரு தூக்குவாளியில் ஊற்றி மூடினார்.

"இதைப் பிடிங்க. பள்ளத்தெருக் கடைசி வீடு வரைக்கும் போயிட்டு வருவோம். பேச்சித்தாய் இப்பல்லாம் சாப்பாட்டுக்கு வரவே மாட்டேங்குது."

"நான் விளக்கம்லா கேட்டேன்?"

"வாளி சூடா இருக்கு. முந்தானையைச் சுத்திப் பிடிங்க."

பள்ளத்தெரு போகப் போக இறங்கும். கடைசி வீடு பேச்சித்தாயுடையது. வாசலில் செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டிருந்தது. உள்ளே கட்டில் கால்களுக்கும் செங்கல். குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகிற ஓட்டையின் மேல் ஒரு மணல் மூட்டை.

பேச்சித்தாய் பதறிப்போனார்.

"அடி ஆத்தீ, ரெண்டு பேருமா! கட்டில்ல உக்காருங்க. காலை மேல வச்சுக்கோங்க."

"உனக்குப் பாயசம் கொண்டாந்தோம் பேச்சி" என்றார் ஆவுடை.

"சேமியாப் பாயசந்தானேக்கா?"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ வரவே இல்லையாமே."

பேச்சித்தாய் கொஞ்சம் தயங்கினார். பிறகு சிரித்துவிட்டார்.

"நான் வரலை. ஆனா பாயசம் மத்தியானமே இங்க வந்துட்டு. பாத்திரம் கழுவுனீங்கல்லா? இந்த ஓட்டை வழியாத்தான். சேமியாவாத் தரையில கிடந்துச்சு. போன திங்கக்கிழமை முருங்கைக்காய்ச் சாம்பார். மண்டபத்துல விசேஷம்னா அப்பளம்கூட மிதந்து வரும். எனக்கு யாரும் பத்திரிகை வைக்கது கிடையாது. ஆனா ஊருல நடக்கிற எல்லாக் கல்யாணமும் எனக்குத் தெரியும்."

ஆவுடையும் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கட்டில் ஓரமாக ஒரு பெட்டியில் பழைய பருத்திச் சேலைகள் துவைத்து மடித்து வைத்திருந்தன. பக்கத்தில் சின்னதாக ஓர் இலவம்பஞ்சுத் தலையணை. விளக்கம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"மகளுக்கு வளைகாப்பு முடிஞ்சுதே. கூட்டிட்டு வரலையா?"

பேச்சித்தாய் தரையைப் பார்த்தார்.

"கொண்டாந்து விடத்தான் வந்தாங்க. சம்பந்தி வாசல்ல காலை வச்சாரு. வச்ச காலை அப்படியே எடுத்துட்டாரு. ஆட்டோவுல இருந்து இறக்கின பையைத் திரும்ப ஏத்திட்டாரு. கோவமா ஒண்ணும் பேசலம்மா. 'வீடு காயட்டும், கொண்டாந்து விடுதோம்'னாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? பச்சப்பிள்ளை வரப்போற இடம். அவ ஆட்டோவுக்குள்ள இருந்தே என்னைப் பாத்துட்டுப் போனா. நிறைமாசம் நெருங்கிட்டு. தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வச்சுப் பாக்க முடியாதவ என்ன அம்மை?"

ஆவுடைதான் கேட்டார்.

"ஏன் பேச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லிருக்கலாம்லா? நான் யாருக்கு முடியாதுன்னுருக்கேன்?"

"அதாங்க்கா. எல்லாரும் இணைப்பு வேணும்னு வந்தாங்க. சரின்னீங்க. லாட்ஜுக்குச் சரின்னீங்க, தண்ணி வாசல் முத்தத்துக்கு வந்துச்சு. மண்டபத்துக்குச் சரின்னீங்க, அடுப்படிக்கு வந்துட்டு. நான் வந்து என்னத்தக் கேக்க? எனக்கு ஒண்ணும் வேண்டாமே. வேண்டாங்கிறதை எப்படிக்கா கேட்டு வாங்க?"

அப்போது குளிக்கிற இடத்தில் 'களக்' என்று ஒரு சத்தம். மணல் மூட்டை லேசாக அசைந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையெல்லாம் பரவியது.

"பயப்படாதீங்க" என்றார் பேச்சித்தாய். விருந்தாளிகளைச் சமாதானப்படுத்துகிற குரல். "மடத்துல அண்டா கழுவுதாங்க. அண்டா முடிஞ்சா நின்னுரும்."

விளக்கம்மா கட்டிலிலிருந்து இறங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்தார்.

"ஐயோ, நீங்களாம்மா! விடுங்க, என் வீட்டுல போயி..."

"என் வீட்டுத் தண்ணிதானே பேச்சி" என்றார் விளக்கம்மா.

அவர் தள்ளத் தள்ள, ஆவுடை ஒரு முறத்தால் வாசலுக்கு வாரி விட்டார். பேரூராட்சித் தலைவரின் பட்டுக்கரைச் சேலை முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது. தரை கொஞ்சம் தெரிந்த பிறகு மூவரும் கை கால் கழுவினார்கள். விளக்கம்மா தூக்குவாளியைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றினார்.

"இது மேல் வழியா வந்த பாயசம். தைரியமாக் குடி."

பேச்சித்தாய் சிரித்துக்கொண்டே வாங்கினார். குடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

ஆவுடை நனைந்த சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுத்தெரு ஏறினார். மடத்து வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"நாளைக்கு நான் என்னம்மா செய்ய? சபையில நின்னு, மடத்துக்கே இல்லைன்னு சொல்லணும். அன்னதானத்தைத் தடுத்த பாவின்னு ஏசுவாங்க. ஏசட்டும். ஆனா என் வாய் வரணும்லா? விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அந்த வார்த்தையை யாருகிட்டயும் நான் சொன்னதில்லையே."

"காலையில கஞ்சிக்கு அரிசி இருக்கான்னு பானையில பாத்துச் சொல்லுங்க" என்றார் விளக்கம்மா.

ஆவுடை பெருமூச்சு விட்டுச் சமையலறைக்குப் போனார். பானைக்குள் கையை விட்டார். விரல் அடியில் தட்டியது. நாலு அரிசி மணி ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"அம்மா, அரிசி நிறைஞ்சிருக்கு!"

அடுக்களையில் எது தீர்ந்தாலும் பெண்கள் சொல்கிற சொல்தான் அது. விளக்கு எரிகிற வீட்டில் இல்லை என்று சொல்லக்கூடாது என்று, நிறைந்திருக்கிறது என்பார்கள். கேட்கிறவர் புரிந்துகொண்டு கடைக்கு ஆள் அனுப்புவார்.

"என்ன சொன்னீங்க அக்கா? கேக்கல."

"அரிசி நிறைஞ்சிருக்கும்மா!"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நிறைஞ்..."

ஆவுடை பானைக்குள் விட்ட கையோடு அப்படியே நின்றார்.

மறுநாள் பேரூராட்சிக் கூட்டம். மடத்து வரவுசெலவைப் பார்க்கிற குற்றாலிங்கமும் ஓர் உறுப்பினர். அவர்தான் முதலில் எழுந்தார்.

"மடத்துக்குப் பெரிய இணைப்பு. அன்னதான விஷயம். இதுல பேச என்ன இருக்கு? கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஆவுடையும் எழுந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"குழாய் நிறைஞ்சிருக்கு" என்றார்.

"அப்படின்னா?"

"நிறைஞ்சிருக்கு."

பெண் உறுப்பினர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. தூக்கிய கையைச் சின்னக்கனி மெதுவாக இறக்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நிறைஞ்சிருந்தா நல்லதுதானே தலைவரம்மா?" என்றார் ஒருவர்.

"வீட்டுக்குப் போயி மதினிகிட்டக் கேளுங்க அண்ணாச்சி" என்றார் சின்னக்கனி.

அதற்குப் பிறகு ஆவுடைக்குப் பேச்சு தானாக வந்தது. செங்கல்மேல் நிற்கிற கட்டிலைச் சொன்னார். ஆட்டோவில் திரும்ப ஏறிய பையைச் சொன்னார். புது மோட்டார் வந்த பிறகுதான் புது இணைப்பு, அதுவரைக்கும் லாட்ஜும் மண்டபமும் தங்கள் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து லாரியில் அனுப்ப வேண்டும் என்றார். சத்தம் கிளம்பியது. மேசையைத் தட்டினார்கள். ஒருவர் வெளிநடப்புச் செய்து, வெளியே வெயிலாக இருந்ததால் திரும்ப உள்ளே வந்தார். கடைசியில் ஆவுடை சொன்னபடியே தீர்மானம் எப்படியோ நிறைவேறியது.

குற்றாலிங்கம் நேரே மடத்துக்கு ஓடினார்.

"அம்மா, நீங்க வளத்த ஆளு மடத்துக்கே இல்லைன்னுட்டாங்க!"

"இல்லைன்னா சொன்னாங்க?"

குற்றாலிங்கம் யோசித்தார். "நிறைஞ்சிருக்குன்னாங்க."

"அப்ப சரி. இந்த அண்டாவை அந்தப் பக்கம் பிடிங்க. இனிமே வாழைத் தோட்டத்துல வச்சுக் கழுவுவோம்."

"கூடம்?"

"தூக்குங்க, கனமா இருக்கு."

பள்ளத்தெரு வீடு மெல்ல மெல்லக் காய்ந்தது. பேச்சித்தாய் கட்டிலுக்கு அடியிலிருந்த செங்கலை எடுத்துப் பின்பக்கம் அடுக்கினார். மணல் மூட்டையை மட்டும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் அதையும் எடுத்துவிட்டார்.

அதன்பின் ஒரு காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. சம்பந்தி இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தார். கொஞ்சம் நின்றார். இன்னொரு காலையும் வைத்தார். பிறகு திரும்பிப் போய் ஆட்டோவிலிருந்து பையை இறக்கினார்.

பேச்சித்தாய் மகள் கையைப் பிடித்து இறக்கி, நேரே கட்டிலில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

அந்தச் செய்தியோடுதான் ஆவுடை அன்று சாயங்காலம் மடத்துக்கு வந்தார். வந்தவர் கையில் விளக்கம்மா அரிவாள்மனையைக் கொடுத்தார். இருவரும் கத்திரிக்காய் அரிய உட்கார்ந்தார்கள். வெளியே தூறல். தகரத்தில் சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது.

"பேச்சித்தாய் மகளைப் பாத்துட்டு வந்தேம்மா. அந்தக் கட்டில்ல காலைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கா."

"நல்லது அக்கா."

"ஆனா ஒரு மனக்குறை. லாட்ஜ்காரரு என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிடுதாரு. டீக்கடையில எனக்கு 'இல்லையம்மா'ன்னே பேரு வச்சிட்டாங்களாம். நான் அன்னிக்குக்கூட அந்த வார்த்தையைச் சொல்லலையேம்மா? என்னைக்குமே சொன்னதில்லையே?"

விளக்கம்மா அரிந்த காயைத் தண்ணீரில் போட்டார். இந்த முறை வேலை எதுவும் கொடுக்கவில்லை.

"பள்ளத்தெருவுக்குச் சொல்லிட்டேதான் இருந்தீங்க அக்கா" என்றார். "இப்பத்தான் நிறுத்தியிருக்கீங்க."