ஃப்ரிட்ஜின் முதுகு

“மிஸ், மெஷின் நல்லா ஓடுது. தண்ணிதான் குளிர மாட்டேங்குது” என்றார் நெல்லையப்பன்.

தூத்துக்குடியில் வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கு ஒரு சிக்கல் என்றால் ஃப்ளோரா மிஸ்ஸிடம் போவார்கள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுப்பவர். நெல்லையப்பனைவிட வயதில் இளையவர். ஆனாலும் உப்புத்தண்ணீர் விஷயத்தில் நெல்லையப்பனுக்கு அவர்தான் குரு.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற வழக்கம் மட்டும் மிஸ்ஸுக்குக் கிடையாது.

தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்க வீட்டிலேயே சில்லர் செய்யப் போகிறேன் என்று நெல்லையப்பன் முதலில் செம்புக் குழாயைச் சுருள் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மிஸ் வாங்கிப் பார்த்தார். அழகாகச் சுற்றியிருப்பதாகச் சொன்னார். பிறகு தோட்டத்துக்குப் போய், அதைப் பாகற்கொடி ஏறுவதற்கு நட்டுவிட்டார்.

“மிஸ், அது தொட்டிக்கு.”

“செம்பு கலந்த தண்ணியில கடல் தாமரை பொழைக்காது அண்ணாச்சி. பாகற்காய் காய்க்கும்.”

அந்தக் கடல் தாமரைக்காகத்தான் இவ்வளவு பாடும். பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணி. அதன் விரல்களுக்கு நடுவில்தான் இரண்டு கோமாளி மீன்களும் குடியிருந்தன. போன கோடையில் இதே போல ஒன்று, சூடு தாங்காமல் கரைந்தே போயிற்று. நெல்லையப்பனின் மனைவி பூரணம், இனிமேல் இந்த வீட்டுக்கு இது வேண்டாம் என்றாள். மழைக்காலம் வந்ததும் அவளே இன்னொன்று கேட்டாள்.

அதனால் இந்தத் தடவை பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிடித்து, பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்டார். உள்ளே ஒரு வாளி நல்ல தண்ணீர். வாளிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், சுருள் சுருளாக. மோட்டார் தொட்டித் தண்ணீரை இழுத்து, சுருள் வழியாக ஓடவிட்டு, திரும்பவும் தொட்டியிலேயே விடும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெப்பமானி மட்டும் முப்பத்தொன்றைவிட்டு இறங்கவில்லை.

மிஸ் நேரில் வந்து பார்த்தார். கடல் தாமரை சுருங்கி, அழுக்குத் துணி முடிச்சு போலக் கிடந்தது. மீன்கள் இரண்டும் படுக்க இடமில்லாமல் அதற்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

“சுருளைப் பாக்கியளா மிஸ்? குழாய் நீளம் பத்தலையோ?”

மிஸ் ஃப்ரிட்ஜைத் திறக்கவே இல்லை.

“அதுக்குப் பின்னால கைய வைங்க அண்ணாச்சி.”

நெல்லையப்பன் கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“சுடுது.”

“யாரோட சூடு?”

“மெஷினோட சூடு.”

மிஸ் தலையசைத்தார், இல்லை என்று.

நெல்லையப்பன் தொட்டியைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

“தண்ணியோட சூடா?”

“பெரும்பாலும் அதுதான். வெளிய எடுத்துட்டீங்க. எடுத்ததை எங்க போகச் சொன்னீங்க?”

நெல்லையப்பன் அறையைச் சுற்றிப் பார்த்தார். குளிர் வெளியே போய்விடுமே என்று கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் பழைய வேட்டியை வேறு அடைத்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பூரணத்தின் அடுப்படி.

“ஜன்னல் இருக்கே” என்றார் மிஸ்.

“அது திறக்கதில்ல.”

“துருவா?”

“அண்ணன் வீட்டு வாசல் அந்தப் பக்கம்.”

அண்ணன் சங்கரலிங்கம். நெல்லையப்பனின் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சகத்துப் பிழை. நெல்லையப்பன் போய்ச் சொன்னார். அண்ணன் நம்பவில்லை. இவர் இரண்டாவது தடவை போய்ச் சொல்லவில்லை. இப்போது மகளுக்கே ஒரு பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது.

மிஸ் புத்தி சொல்வார் என்று நெல்லையப்பன் காத்திருந்தார்.

“சரி” என்றார் மிஸ். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மீன்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

நெல்லையப்பனும் பார்த்தார். பெரிய மீன் கீழே இறங்கி, அந்த முடிச்சை வாயால் தொட்டது. மேலே வந்தது. மறுபடியும் இறங்கியது.

மறுபடியும்.

நெல்லையப்பன் எழுந்து போய் சுத்தியலை எடுத்து வந்தார்.

ஜன்னல் தாழ்ப்பாள் நாலு தட்டில் விட்டுக்கொடுத்தது. கதவுகள் முனகிக்கொண்டு திறந்தன. கடற்காற்று உள்ளே வந்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் படபடவென்று அடித்தது. வெளியே யாரும் இல்லை. கொடியில் ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டு பேருமாக ஃப்ரிட்ஜைத் தள்ளி, அதன் முதுகை ஜன்னலுக்குத் திருப்பி வைத்தார்கள். பின்னால் ஒரு டேபிள் ஃபேனையும் வெளியே பார்த்து ஓடவிட்டார்கள்.

பொழுது சாயும்போது வெப்பமானி இருபத்தெட்டுக்கு வந்திருந்தது. பூரணம் காபியோடு வந்தவள், டம்ளரை நீட்ட மறந்து தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“ஏங்க, இங்க பாருங்க.”

முடிச்சு மெல்ல அவிழ்ந்துகொண்டிருந்தது. ஒரு விரல். பக்கத்தில் இன்னொன்று. சின்ன மீன் அதற்குள் முதுகைத் தேய்த்துப் பார்த்தது.

மூன்று பேரும் தொட்டியைப் பார்த்தபடியே காபி குடித்தார்கள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு செருமல்.

“ஏலே, என்னலே அங்க சத்தம்?”

நெல்லையப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃப்ரிட்ஜுண்ணே. மீனுக்கு.”

“மீனுக்கா?”

“ஆமாண்ணே.”



“என் மேல சூடால்லா காத்து வருது.”

நெல்லையப்பன் ஜன்னலருகே போனார். “அப்பிடித்தாண்ணே வரும். உள்ள கெடந்த சூடு.”

சங்கரலிங்கம் நாற்காலியை நகர்த்தவில்லை.

“வரட்டும்” என்றார்.