கவிராயர் எறிகாரனைப் பொறுக்கிய கதை

செங்கரட்டுப் பாளையத்துக்கு ஒரு பெருமை உண்டு. எறிபந்துப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கும்போது முதல் ஆளை எடுக்கும் உரிமை நாலு வருஷமாக அதற்குத்தான். போன வருஷம் கடைசியில் வந்தவனுக்கு இந்த வருஷம் முதல் உரிமை என்பது ஐந்து பாளையமும் கூடிப் போட்ட விதி. ஆகவே இந்தப் பெருமையைப் பற்றி ராஜா கொண்டல்சாமியிடம் யாரும் பேசுவதில்லை.

எறிபந்தில் எல்லாம் எறிகாரன் கையில். பந்தோடு பின்னால் நிற்பான். எதிராளிகள் அவனை அமுக்க ஓடிவருவார்கள். அவர்கள் மேலே விழுவதற்குள், தன் ஆள் எங்கே ஓடுகிறான் என்று பார்த்து அவன் கைக்கு எறிய வேண்டும்.

நாலு வருஷமும் எறிகாரனை எடுத்தவர் தளவாய் ஈட்டிமுத்து. முதல் பையன் பந்தை எதிராளி கையில் எறிந்தான். இரண்டாமவன் நடுவர் மேல் எறிந்தான். மூன்றாமவன் எறியவே இல்லை. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாலாமவனைப் பற்றி அரண்மனையில் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

இந்த வருஷம் தளவாய் உஷாராகிவிட்டார்.

"மகாராஜா, இந்தத் தடவை புத்திசாலி ஒருத்தர் எடுக்கட்டுமே. நம்ம கவிராயர் இருக்காரே!"

மயிலேறிக் கவிராயர் அரண்மனைப் புலவர். எழுத்தாணியைத் தவிர எதையும் பிடித்தறியாத கை அவருடையது.

"ஓய் கவிராயரே, நீரே எடும்," என்றார் ராஜா. "பையன் தேறினா சரி. உதவாக்கரையா இருந்தா, அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள பெண்டாட்டி பிள்ளையோட எல்லையைத் தாண்டிடணும்."

கவிராயர் போன மாதம்தான் வீட்டுக்கு ஓடு மாற்றியிருந்தார். அன்று வீட்டுக்குப் போய் அந்த ஓட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆள் எடுக்கும் நாள் வந்தது. கண்மாய்க்கரைப் பொட்டலில் நாற்பது வாலிபர்கள் வரிசையாக நின்றார்கள். ஐந்து பாளையத்துப் பெரிய மனுஷர்களும் கயிறு வைத்து மார்பை அளந்தார்கள். சாண் போட்டுக் கையை அளந்தார்கள். ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைக்கூட எண்ணினார். பலவேசம் என்று ஒரு பையன், பனைமரம் மாதிரி. கண்மாயைத் தாண்டி அக்கரைக்கே பந்தை எறிந்துவிட்டான். அந்தப் பந்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கவிராயர் வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கிக்கொண்டு மற்ற நாலு பாளையத்துக் கூடாரத்துக்கும் போனார். "எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் யோசனை சொல்லணும்," என்று பணிவாகக் கேட்டார்.

"பலவேசமா? அடடா, ராசா மாதிரி பையன்! விட்டுடாதீங்க!" நாலு கூடாரத்திலும் இதே பேச்சு.

மற்றவர்கள் பேரைச் சொன்னால், "யாரு? கவனிக்கலையே," என்று கொட்டாவி விட்டார்கள். ஆவுடையப்பன் என்ற ஒல்லிப் பையன் பேரைச் சொன்னபோது மட்டும் கொட்டாவி நின்றது.

"அவனா? காலு வளைஞ்சிருக்கு."

"ஒரு கண்ணு சரியில்லை, ஐயா."

"கை நடுக்கம். பரம்பரை நோவு."

"சுத்தச் சோம்பேறி. பேரைக்கூடச் சொல்லாதீங்க!"

கவிராயர் நாலு பேருக்கும் வெற்றிலை கொடுத்துவிட்டு நேரே அந்தப் பையனிடம் போனார். கால் நேராக இருந்தது. கண் பளிச்சென்று இருந்தது. கை ஆடவில்லை.

முரசு அடித்தது. தாம்பூலத் தட்டு யார் கைக்குப் போகிறதோ அவன்தான் அந்தப் பாளையத்து ஆள். கவிராயர் தட்டை ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

"எனக்கா?" என்றான் பையன், பின்னால் திரும்பிப் பார்த்து.

கூட்டம் 'கொல்'லென்று சிரித்தது. தளவாய் பல்லெல்லாம் தெரிய வருத்தப்பட்டார். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓய்! நாலு பாளையமும் வேண்டாம்னு காறித் துப்பின பையனையா எடுத்தீர்? வண்டி கட்டும்!"

"கட்டறேன் மகாராஜா. பொழுது சாய இன்னும் நேரமிருக்கு. ஒரே ஒரு வார்த்தை." கவிராயர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எங்க ராஜாவுக்கு இந்தப் பையனைப் பிடிக்கலை. யாருக்காவது வேணுமா?"

மற்ற நாலு பாளையத்து ராஜாக்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"எங்களுக்கு! ரெண்டு ஓட்டக்காரனைத் தர்றோம்!"

"நாங்க மூணு!"

"நாலு! அடுத்த வருஷத்து எங்க முறையும் உங்களுக்கே!"

கால் வளைந்திருக்கு என்றவரும் கண் சரியில்லை என்றவரும் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, பலவேசம் யாருக்கு வேணும்?" என்றார் கவிராயர்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒரு ராஜா தன் நகத்தைப் பார்த்தார்.

கொண்டல்சாமி ராஜா தொண்டையைக் கனைத்தார். "பையன் எங்களுக்குத்தான். வண்டி கட்ட வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓய், பந்தையே தொடாத ஆளு நீர். எப்படிக் கண்டுபிடிச்சீர்?"

"பந்து தெரியாது மகாராஜா. மாட்டுச் சந்தை தெரியும். எங்க அப்பா தரகர். வாங்க வர்றவன், தனக்கு வேணும்கிற மாட்டைத்தான் 'பல்லு சரியில்லை, சுழி சரியில்லை'ம்பான். வேண்டாத மாட்டை 'லட்சுமி மாதிரி இருக்கு'ன்னு தட்டிக் கொடுத்துட்டு நடையைக் கட்டுவான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்துக் கவிராயருக்குப் போர்த்தினார். போர்த்திக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு பாதியில் நின்றது.

"ஓய். பன்னிரண்டு வருஷமா தினமும் என்னைப் புகழ்ந்துதானே பாடறீர்?"

தளவாய் காதைத் தீட்டிக்கொண்டு கிட்டே வந்தார். கவிராயர் கண்கூடச் சிமிட்டவில்லை.

"வீட்டுக்குக் கொண்டுவந்து தொழுவத்துல கட்டின மாட்டை எவன் மகாராஜா குறை சொல்லுவான்?"

இது புகழ்ச்சியா, வேறேதாவதா என்று ராஜாவுக்கு விளங்கவில்லை. நாலு ராஜாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பல்லக்கு செங்கரட்டுக்குப் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.