நாவல் கொட்டைக்குக் காவல்

ஆறு வளைந்து ஓடும் ஒரு காட்டில் ஒரே ஒரு நாவல் மரம்தான் இருந்தது. ஆனி மாதத்தில் மற்ற மரங்கள் எல்லாம் காய்ந்து நிற்கும்போது அது மட்டும் கருகருவென்று பழுத்துக் குலுங்கும். அந்த மாதம் முழுக்கக் காட்டு விலங்குகளுக்கு அதுதான் சோறு.

அந்த மரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய தலைக்குரங்கு மகா சந்தேகப் பிராணி. பழத்தை அது யாருக்கும் மறுத்ததில்லை. கொட்டையைத்தான் வெளியே விடாது.

"பழத்தை யார் வேண்டுமானாலும் தின்னலாம். கொட்டையை மட்டும் இங்கேயே துப்பிவிட்டுப் போக வேண்டும்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டது. தன் கூட்டத்திடம் மட்டும் காரணத்தைச் சொன்னது. "கொட்டை வெளியே போனால் அங்கே ஒரு மரம் முளைக்கும். அப்புறம் நம்மை யார் மதிப்பார்கள்?"

ஆகவே தின்றுவிட்டுக் கிளம்பும் ஒவ்வொருவரும் தலைக்குரங்கின் முன்னால் வந்து வாயைத் திறந்து காட்ட வேண்டும். மைனா அலகைத் திறக்கும். மரநாய் நாக்கை நீட்டும். குரங்குகள் கன்னத்துப் பையில் பழத்தை ஒளித்துக்கொண்டு போகும் அல்லவா? அதனால் தன் சொந்தக்காரர்களின் கன்னத்தைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் அது வெளியே விடும்.

கரடியிடம்தான் வேலை அதிகம். அது பழத்தைக் கொட்டையோடு சேர்த்து விழுங்கிவிடும்.

"விழுங்கினவர்கள் மறுநாள் காலைக்கடனை முடித்துவிட்டுத்தான் இங்கிருந்து போகலாம்" என்று தலைக்குரங்கு தீர்ப்புச் சொன்னது. கரடி பாவம், சாது. வெட்கத்தோடு மரத்தடியிலேயே படுத்துக் கிடக்கும்.

அதே காட்டில் ஒரு கீரி இருந்தது. எந்தப் பொந்தைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. ஒருநாள் நாவல் மரத்தின் வேரடியில் ஒரு பொந்தைப் பார்த்து உள்ளே நுழைந்தது. வெளியே வரும்போது உடம்பெல்லாம் மரத்தூள்.

"தலைவரே, மரத்துக்குள்ளே நின்று மேலே பார்த்தேன். வானம் தெரிகிறது" என்றது.

"அதனால் என்ன?"

"மரம் உள்ளே கூடாகிவிட்டது. பெருங்காற்று அடித்தால் விழுந்துவிடும். அப்புறம் ஆனி மாதத்தில் நாம் எதைத் தின்பது?"

மைனாவும் மரநாயும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

"இவ்வளவு கொட்டை இருக்கும்போது என்ன பயம்? கீழே பார்" என்றது தலைக்குரங்கு.

மரத்தடியில் கால் வைக்க இடமில்லாமல் கொட்டை கொட்டிக் கிடந்தது. அதற்கு நடுவே ஏராளமான நாற்றுகளும் முளைத்திருந்தன. கீரி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது.

"எல்லாம் குட்டி நாற்றாகவே இருக்கின்றன. போன வருஷம் முளைத்தவை எங்கே?" என்று கேட்டது.

"மழை பெய்தால் தலை நீட்டும். பிறகு வாடிப்போகும்" என்றது மரத்தடியிலேயே கிடந்து பழகிய கரடி. "இங்கே துளி வெயில் விழாது. அதனால்தான் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது."

"உனக்குத் தூக்கம், நாற்றுக்குப் பட்டினி" என்றது கீரி. "அப்படியானால், வெயில் படும் இடத்தில் எங்கேயாவது ஒரு கொட்டை போய் விழுந்திருக்குமா?"

யாருக்கும் தெரியவில்லை. கீரி தேடப் போய்விட்டது.

சில நாட்கள் அதைக் காணவில்லை. திரும்பி வந்தபோது அதன் நாக்கு ஊதா நிறமாக இருந்தது.

"பழம் தின்றுவிட்டு வாயைக் காட்டாமலே போனாயா?" என்று தலைக்குரங்கு அதட்டியது.

"இந்த மரத்துப் பழம் இல்லை, தலைவரே. அக்கரையில் ஒரு பாறை இருக்கிறதே, அதை ஒட்டி இன்னொரு நாவல் மரம் நிற்கிறது. இளமரம். இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கிறது."

தலைக்குரங்குக்குக் கோபம் தலைக்கேறியது. "கொட்டையைத் திருடியது யார்?" என்று கத்தியது.

"நான் தினமும் அலகைத் திறந்து காட்டினேனே" என்றது மைனா. "நானும்தான்" என்றது மரநாய். "நான் எங்கே போனேன்? இங்கேயேதானே கிடந்தேன்" என்று கரடி கண் கலங்கியது.

"எனக்கும் அதுதான் புரியவில்லை" என்றது கீரி. அது நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தது. "எல்லோர் வாயையும் பார்த்தாயிற்று. பார்க்காத வாய் ஏதாவது உண்டா? தலைவரே, நீங்கள் யாரிடம் வாயைத் திறந்து காட்டுவீர்கள்?"

"நானா? நான்தானே காவல்!"

"சரி. கன்னத்தில் அடைத்துக்கொண்ட பழத்தை எங்கே போய்த் தின்பீர்கள்?"

"இப்போது வயதாகிவிட்டது, இந்தக் கிளையிலேயே தின்கிறேன். முன்பெல்லாம் ஆற்றைத் தாண்டிப் போவேன். அந்தப் பாறைமேல் நல்ல காற்று வரும்" என்று சொல்லிக்கொண்டே வந்த தலைக்குரங்கு சட்டென்று நிறுத்திக்கொண்டது.

"கொட்டையை?"

அப்போதும் தலைக்குரங்கின் இரண்டு கன்னமும் புடைத்திருந்தன. உள்ளே இருந்ததை அதனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த ஆடிக் காற்றில் கிழட்டு நாவல் மரம் வேரோடு சாய்ந்தது. அதன் அடியில் இருந்த நாற்றுகளும் நசுங்கிப்போயின.

மறு ஆனியில் எல்லோரும் அக்கரைக்குப் போனார்கள். பாறை ஓரத்து இளமரம் கிளை தாழப் பழுத்திருந்தது. கரடி வயிறு முட்டத் தின்றது. பிறகு பழக்கதோஷத்தில் தலைக்குரங்கின் முன்னால் போய் வாயைத் திறந்து நின்றது.

தலைக்குரங்கு வேறு பக்கம் பார்த்தது. "வாயை மூடு. கொட்டையோடு விழுங்கினாயா?"

"விழுங்கிவிட்டேன்" என்றது கரடி. "இங்கேயே படுத்துக்கொள்ளட்டுமா?"

"படுக்காதே" என்றது தலைக்குரங்கு. "எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போ. நாளைக் காலையில் நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்."

நீதி: பரவ விட்டதே மிஞ்சும், பூட்டி வைத்தது பூட்டியவனுக்கும் இல்லாமல் போகும்.