பூசாத கோவிலின் செபமாலை

கீழ மருதங்குடிப் பங்கில் புனித சூசையப்பர் கோவிலைக் கூட்டித் துடைக்கும் வேலை வியாகுலம்மாளுடையது. காலைப் பூசை முடிந்து சனங்கள் கலைந்ததும் அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவார். முதலில் தரை, அடுத்து பெஞ்சுகள், கடைசியில் சுவர். வலது கையில் ஈரத்துணி, இடது உள்ளங்கை சுவரின்மேல், உதட்டில் செபம். முப்பத்தொரு வருடங்களாக இந்த ஒழுங்கு மாறியதில்லை. பெயரில்தான் வியாகுலம்; முகத்தில் எந்நேரமும் சிரிப்பு.

அந்தக் கோவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் கட்டியது. அடித்தளம் முதல் மணிக்கூண்டு வரை செங்கல். உள்ளும் புறமும் பூச்சு கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து மெல்லிய கோடாக ஓடும். ஒவ்வொரு சன்னலின் மேலும் செங்கற்களை விசிறிபோல் நிறுத்தி வளைத்திருப்பார்கள். சித்திரை வெயிலிலும் உள்ளே நுழைந்தால் பானைத் தண்ணீரின் குளிர்ச்சி.

ஆனாலும் பக்கத்து வெள்ளைக்குளத்துக்காரர்களுக்கு இளப்பம்தான். அவர்களுடைய கோவில் வெள்ளையடித்து முட்டை ஓடு மாதிரி மினுங்கும். "பூசாத கோவில்ல என்னய்யா பூசை?" என்று சந்தையில் கண்டால்கூடக் கேட்பார்கள். கீழ மருதங்குடிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள்.

கணவர் யாகப்பன் காய்ச்சலில் கண் மூடியபோது வியாகுலம்மாளுக்கு வயது இருபத்தெட்டு. பிள்ளை இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு செபமாலை. இறந்தவர் கையில் செபமாலையைச் சுற்றி அனுப்புவது வழக்கம். அந்த ஒன்றையே யாகப்பன் விரல்களில் சுற்றி மண்ணுக்குள் அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் கோவில் வேலைக்கு வந்தவர், எண்ணிச் செபம் சொல்ல மணியின்றிச் சுவரைப் பிடித்தார். பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் வேறு செபமாலை வாங்கவில்லை. யாராவது கொடுத்தாலும், "எனக்கு இருக்கு, இல்லாதவுகளுக்குக் குடுங்க" என்பார்.

செபமாலை இல்லாத பெண் "இருக்கு" என்கிறாரே என்று ஊருக்கு அது ஒரு வேடிக்கையாயிற்று. பங்குப் பேரவைத் தலைவர் சூசைநாதர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். போகும்போதும் வரும்போதும் சீண்டுவார்.

"என்ன வியாகுலத்தக்கா, கல்லுகளுக்கு மந்திரம் சொல்லிக் குடுக்கிறியளா?"

"அதுக எனக்குச் சொல்லிக் குடுக்குதுகய்யா."

"செபமெல்லாம் பாடமாக்கி எந்தக் கல்லு இந்த வருசம் புதுநன்மை வாங்குது?"

"நீங்க ஞாயித்துக்கிழமை சாய்ஞ்சு தூங்குவியளே, அந்தக் கல்லுதான். கேட்டுக்கேட்டே பாடமாயிருச்சு" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே துடைப்பார்.

நூற்றாண்டு விழா நெருங்கியது. வெள்ளைக்குளத்தார் வாயை அடைக்கச் சுவர் முழுவதும் சிமெண்டு பூசி, இடுப்பளவு டைல்ஸ் பதிப்பது என்று பேரவை முடிவு செய்தது. பங்குச் சாமியார் இஞ்ஞாசியாருக்கு மனம் ஒப்பவில்லை. பழங்கட்டடங்களைக் காக்கும் துறைக்கு எழுதிப் போட்டார். அதிகாரி வந்து பார்த்து, காக்க வேண்டியது என்று எழுதினால் யாரும் கைவைக்க முடியாது. இல்லையென்றால் திங்கட்கிழமை பூச்சு வேலை ஆரம்பம். சிமெண்டு மூட்டைகள் முன்மண்டபத்தில் வந்து இறங்கிவிட்டன.

மூட்டைகளைச் சுற்றிக் கூட்டியபோதுதான் வியாகுலம்மாளின் சிரிப்பு ஒரு நிமிடம் நின்றது. சூசையப்பர் சுரூபத்தின் முன் போய், "அப்பா, நீரும் தச்சு வேலை பாத்தவரு. ஒரு வேலைக்காரன் செஞ்ச வேலையை மூடுறது உமக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம். மூடுற அன்னைக்கு வரைக்கும் என் கை நிக்காது" என்றார். பிறகு துணியைப் பிழிந்துகொண்டு வேலைக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை காலை அதிகாரி செண்பகவல்லி வந்தார். டேப்பால் அளந்தார், படம் எடுத்தார், வளைவுகளைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் சாமியாரிடம் வருத்தத்தோடு சொன்னார்: "நல்ல வேலைதான், ஃபாதர். ஆனா இதே மாதிரி கட்டடம் இன்னும் பல இடத்துல இருக்கு. இதுக்குன்னு தனியா ஒண்ணு இருந்தாத்தான் நான் எழுத முடியும்."

சூசைநாதர் முகம் மலர்ந்தது. அந்நேரம் வியாகுலம்மாள் வழக்கம்போல வட சுவரில் செபத்தைத் தொடங்கியிருந்தார். டேப் குறுக்கே கிடந்தது. "கொஞ்சம் தூக்கிக்கிறீகளாம்மா? செபத்துல மூணாம் பத்து நடக்குது" என்றார்.

செண்பகவல்லி டேப்பைத் தூக்கினார். பிறகு அப்படியே நின்று பார்த்தார். அந்தக் கை ஒரு கல்லில் நிதானிக்கிறது. அடுத்த பத்துக் கல்லில் ஒவ்வொன்றாக நகர்கிறது. மறுபடி ஒரு கல்லில் நிதானிக்கிறது. அவர் மெல்லக் கிட்டே வந்தார்.

"எதை வச்சும்மா நிறுத்துறீங்க?"

"வழுவழுக் கல்லு வந்தா கர்த்தர் கற்பித்த செபம். சொரசொரக் கல்லுக்கு அருள் நிறைந்த மரியே. இங்கன கையை வச்சுப் பாருங்க."

அதிகாரி கையை வைத்தார். நூறு வருட மெழுகுதிரிப் புகையில் எல்லாக் கல்லும் ஒரே நிறம். ஆனால் அந்த ஒரு கல், சூளையில் கூடுதலாக வெந்து கண்ணாடிபோல் வழுக்கியது. சுவர் நெடுக எண்ணினார்கள். ஆறு சன்னல்களுக்கு இடையே ஐந்து இடம். ஒவ்வொன்றிலும் ஒரு வழுவழுக் கல், பத்துச் சொரசொரக் கல். செபமாலையின் மணிக்கணக்கும் அதேதான். பெயர் தெரியாத கொத்தனார் ஒருவர் நெஞ்சுயரத்தில் ஒரு செபமாலையைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

"இத்தனை வருசமா ஏம்மா சொல்லலே?" என்று சாமியார் கேட்டார்.

வியாகுலம்மாள் திகைத்துப்போனார். "எல்லாக் கோவில் சுவரும் இப்படித்தானே இருக்கும், சாமி? வெள்ளைக்குளத்துல பூசி மறைச்சிட்டாங்களே, பாவம், அவுக எதைத் தொட்டுச் செபம் சொல்லுவாகன்னு நான்ல வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கேன்!"

கோவில் அதிரச் சிரிப்பு எழுந்தது. சூசைநாதரும் சிரித்துவிட்டார்.

"செபமாலைன்னா சிலுவை இருக்கணுமே?" என்றார் செண்பகவல்லி.

"அது எனக்குத் தெரியாதும்மா. கடைசிக் கல்லோட கையெடுத்து, அந்தா விளக்குமாத்தை எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

வாசற்கதவுக்குப் பின்னே, உபயதாரர்களின் பெயர்ப்பலகைக்குக் கீழே, விளக்குமாறு சாய்ந்திருந்தது. கடைசிக் கல்லுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத சுவர் அந்தப் பலகைக்குப் பின்னால் மட்டுந்தான்; எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். முதல் பெயர் சூசைநாதருடைய அப்பாவுடையது. சூசைநாதர் வண்டியிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து வந்து தம் கையாலேயே பலகையைக் கழற்றினார். பின்னால், புகை படாத சுவரில், கருநீலமாய் மின்னும் கற்களால் ஆன ஒரு முழச் சிலுவை. அதன் அடியில், முப்பத்தொரு வருடமாகச் சாய்ந்து சாய்ந்து விளக்குமாற்றுக் காம்பு தேய்த்த தடம்.

வியாகுலம்மாள் விளக்குமாற்றைச் சட்டென்று எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "இது தெரியாம உம் காலடியில துடைப்பத்தைச் சாத்திட்டேனே ஆண்டவரே!" என்று அழுதார். சூசைநாதர் அதை மெதுவாக வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்பச் சாய்த்தார். "அங்கேயே இருக்கட்டும்க்கா. அவரே பாத்து ஒதுக்கிக் குடுத்த எடம்."

மூட்டைகள் திரும்பிப் போயின. அதிகாரி எழுதினார், கோவில் காப்புப் பட்டியலில் சேர்ந்தது. நூற்றாண்டு விழாவன்று ஊர் முழுவதும் வரிசையில் நின்று சுவரைத் தொட்டுத் தொட்டுச் செபம் சொல்லியது. வெள்ளைக்குளத்தாரும் வந்து வரிசையில் நின்றார்கள். "பூசாத கோவில்லதான்யா பூசை!" என்று சூசைநாதர் அவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்தார். வரிசையின் முதலில் வியாகுலம்மாள், வலது கையில் ஈரத்துணியோடு.

கட்டியவர் பெயரை யாரும் அறியார்; கைவிடாமல் தொட்டவர் பெயரைக் கீழ மருதங்குடி மறவாது. அந்த எளிய கையை வணங்குவோம்.