விட்டுப்போன முதல் வரி

பாபிலோனில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கால்வாயின் மேல் பனி இறங்கியிருந்தது. கரையிலிருந்த பேரீச்ச மரங்களுக்கு அடிமரமே தெரியவில்லை. தலைகள் மட்டும் மிதந்தன.

சிறைப்பட்டு வந்த எபிரேயர்களின் பேரப்பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்பலாம் என்று அரசன் சொல்லிவிட்டான். விடிந்தால் எருசலேமுக்குப் பயணம்.

யாசனியா மட்டும் எதையும் கட்டவில்லை. சுருள்களைப் பிரதி எடுப்பது அவன் தொழில். ஒரு சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நோவாளிடம் வந்தான். அவனைவிட வயதில் சிறியவர்தான். ஆனாலும் அவனுக்கு அவர்தான் குரு.

"அம்மா, என் மனைவி நான் வராவிட்டாலும் போவேன் என்கிறாள். என்னோடு சேர்ந்து நரைத்தவள் அவள்."

"நீ ஏன் போகவில்லை?"

"இறைவாக்கு தடுக்கிறது. அவளிடமும் படித்துக் காட்டினேன்." சுருளை விரித்துப் படித்தான். "'மதிலைத் தாண்டாதீர்கள். தாண்டுகிறவனின் எலும்பை நரி இழுக்கும்.'"

"முதல் வரியை விட்டுவிட்டாயே."

"செத்துப்போன அரசனின் பெயரும், படை வந்த ஆண்டும்தானே அதில் இருந்தது? எழுதும் தோல் போதவில்லை, விட்டுவிட்டேன். கடவுளின் வாக்குக்கு ஏது அம்மா ஆண்டு?"

சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பக்திமான்களுக்கு இது வழக்கம்தான்.

நோவாள் சிரித்தார். "கண்ணை மூடு. அந்த வரியை நான் சொல்கிறேன்."

அரசனின் பெயரைச் சொன்னார். ஆண்டைச் சொன்னார். பிறகு கேட்டார்.

"எங்கே நிற்கிறாய்?"

"எருசலேமில். மதில்மேல்."

"வெளியே என்ன?"

"கூடாரங்கள். அசீரியப் படை. மலையடிவாரம் முழுக்க நெருப்பு."

அந்த ஊரை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் புகை வாடை அடித்தது.

"வாசலில்?"

"ஒரு பெண். இடுப்பில் குழந்தை. வெளியே ஊற்றுக்குப் போகப் பார்க்கிறாள். இந்த வாக்கைச் சொன்ன தீர்க்கதரிசி கையை விரித்துக் குறுக்கே நிற்கிறார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது. அழுகிறார், அம்மா. அவர் அழுதுகொண்டே சொன்னார் என்று எனக்குத் தெரியாது."

"அவள்?"

"வீட்டுக்குத் திரும்புகிறாள்."

"படை?"

"கலைந்து போகிறது. குழந்தை... குழந்தை பிழைத்துவிட்டது." அவனுக்கும் அழுகை வந்தது.

"கொஞ்சம் இரு. அவர் உன்னைப் பார்க்கிறாரா?"

நெடுநேரம் அந்தப் புகைக்குள் தேடினான்.

"இல்லை. அவளைத்தான் பார்க்கிறார்."

கண்ணைத் திறந்தான். பனிக்குள் எங்கோ கழுதைகளை அதட்டும் குரல் கேட்டது. அவன் மனைவியின் குரல்.

"அப்படியானால் அந்த வாக்கு எனக்கு இல்லையா? சின்ன வயதிலிருந்து ஓதி வருகிறேனே!"

"அந்த வாசலில் நின்றவள் பிழைக்க வேண்டும் என்று அவர் அதைச் சொன்னார்" என்றார் நோவாள். "உன் மனைவியிடம் நீ எதற்காகச் சொன்னாய்?"